அமரர் லோகேஸ்வரனுக்கு ஒரு கமரா

என்னை முதல் தடவை அடித்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மனக்குறை ஒன்றும் இல்லை. அவர்கள் கள்ளர்கள். வேன் பற்றரியைக் கழற்ற வந்தார்கள், நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குறுக்கே போனேன், வீல் ஸ்பேனரால் மண்டையில் ஒன்று போட்டார்கள். தொழிலென்று வந்துவிட்டால் போடத்தானே செய்வார்கள்? என் ஆத்திரமெல்லாம் எங்கள் மரண உதவிச் சங்கத்தின் மேல்தான். கள்ளர்கள் அடித்து முடித்ததும் போய்விட்டார்கள். சங்கம் போகவே இல்லை.

என் பெயர் லோகேஸ்வரன். ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். கலகெதர போகும் பெரிய ரோட்டிலிருந்து பிரிந்து மேலே ஏறும் கொங்கிரீட் பாதையின் உச்சியில் என் வீடு. வீட்டில் நானும் மனைவி சுதர்சினியும்தான். வேனை நிறுத்த வளவுக்குள் இடம் போதாது. அதனால் அது பாதையில்தான் நிற்கும், கள்ளர்களுக்கு வசதியாக.

தலையில் தையலோடு பொலிசுக்குப் போனேன். சார்ஜன்ட் நல்ல மனிதர், தமிழிலேயே விசாரித்தார்.

"மூஞ்சி பார்த்ததா?"

"இருட்டு சேர். ஒருத்தன் நீல ஜேர்சி போட்டிருந்தான்."

"கமரா இருக்கா?"

"இல்ல சேர்."

அவர் பேனையை மூடி வைத்துவிட்டார். "கமரா இல்லாம நாங்க யாரைப் பிடிக்கிறது? ஊர்ல நீல ஜேர்சி எவ்வளவு இருக்கு? போய் கமரா ஒண்ணு போடு. அதுக்குப் பிறகு அடிச்சா வா."

நியாயம்தான் என்று எனக்கும் பட்டது. மண்டையில் அடிபட்டவனுக்கு எதுவும் நியாயமாகத்தான் படும்.

கட்டுகஸ்தோட்டையில் ஷிஹாப் நானாவின் கமராக் கடைக்குப் போனேன். இந்தக் கதையில் புத்தியோடு பேசிய ஒரே மனிதர் அவர்தான், அதனால் அவர் சொன்னதை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

"பகல்ல எல்லாக் கமராவும் நல்லாத்தான் ஈக்கும் தம்பி. ராவைக்குத்தான் அதுட வண்டவாளம் தெரியிற. உச்சியில கொண்டு போய் மாட்டினா கள்ளன்ட தொப்பிதான் விழும், முகம் விழாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல வைக்கோணும். வாகனத்துட லைட் நேரா அடிக்கிற பக்கம் திருப்பினா படம் வெள்ளையாப் போயிடும். பாதையைச் சரிவாப் பார்க்கிற மாதிரி ஒரு தூண் ஈக்கா?"

இருந்தது. என் வீட்டுக்கு நேரே ஓர் இரும்புத் தூண். அது சங்கத்தின் தூண், ஊரில் யாராவது செத்தால் வெள்ளைக்கொடி கட்டுவதற்கு நட்டது. மற்ற நாட்களில் காகம் உட்காரும். காகம் யாரிடமும் அனுமதி வாங்கவில்லை, அதனால் நானும் வாங்கவில்லை.

கமரா அந்தத் தூணில் ஒரு பகல்கூட முழுசாக இருக்கவில்லை. மாலையில் சங்கம் வந்தது. முன்னால் தலைவர், அகில இலங்கை சமாதான நீதவான், தேசகீர்த்தி தங்கவேலாயுதம். பின்னால் செயலாளர் யசோதினி மிஸ், சங்கத்தின் சட்டதிட்டமான யாப்பு அவருக்கு மனப்பாடம். அவருக்கும் பின்னால் பொருளாளர் கறுப்பையா, கையில் பந்தல் போடும் இரும்புக் குழாய்.

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?" என்றார் தலைவர்.

"ஐயா, ராத்திரி அடிச்சுட்டாங்க. பாதுகாப்புக்குத்தான்…"

"தம்பி, இந்தப் பாதைய யாருக்காகப் போட்டோம்? உசுரோட இருக்கிறவங்களுக்கா?" அவர் குரல் உயர்ந்தது, ஒலிவாங்கி இல்லாத குறை தெரியாமலே. "பிரேத வண்டி ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் வரணும்னு சங்கம் போட்ட பாதை இது! உசுரோட இருக்கிறவங்க நடந்து போக அனுமதி குடுத்திருக்கோம். அது எங்க பெருந்தன்மை. அதுக்காக கமரா மாட்டுவீங்களா?"

கறுப்பையா குழாயை ஓங்கினார். முதல் அடியில் கமரா நொறுங்கியது. இரண்டாவது அடி என் தோளில் விழுந்தது. "கை தவறிடிச்சு தம்பி" என்றார். ஓங்கும்போது அவர் கண் என் தோளில்தான் இருந்தது.

"கமரா வேணும்னா சங்கம் போடும். முறையா விண்ணப்பிங்க" என்று சொல்லிவிட்டுத் தலைவர் இறங்கிப் போனார்.

முறையாக விண்ணப்பித்தேன். பொதுக்கூட்டம் கூடியது. எங்கள் சங்கத்தில் எந்தக் கூட்டமும் மௌன அஞ்சலியோடுதான் தொடங்கும். அந்தத் தடவை அஞ்சலி செலுத்த ஆள் இல்லை, யாரும் செத்திருக்கவில்லை. பழைய ஆட்களுக்கே மறுபடி அஞ்சலி செலுத்தினோம். பிறகு தலைமையுரை.

"பெரியோர்களே, தாய்மார்களே! இந்த வருசம் எமது சங்கத்தின் செயற்பாடு மிகவும் மந்தமாக இருந்ததை மன வேதனையோடு ஏற்றுக்கொள்கிறேன். புதிய கதிரைகள் உட்கார ஆளில்லாமல் ஸ்டோரில் கிடக்கின்றன. புதிய பந்தல் சீலை மடிப்புக் குலையாமல் இருக்கிறது. தேநீர்க் கொதிகலன் கொதிக்கவே இல்லை. காரணம் என்ன? உறுப்பினர்களின் ஒத்துழைப்பு இல்லை!"

கைதட்டினார்கள். நானும் தட்டினேன், தோள் வலித்தது.

என் விடயம் வந்ததும் யசோதினி மிஸ் எழுந்தார். "யாப்புல தெளிவா இருக்குங்க. மரணம் நடந்தா மட்டும்தான் சங்கம் பொருள் வாங்கலாம். லோகேஸ்வரன் அண்ணனுக்குக் காயம் மட்டும்தான்."

தலைவர் என்னை மேடைக்குக் கூப்பிட்டுத் தலையைக் குனியச் சொன்னார். தையலைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். உயிர் போகிற மாதிரி கத்தினேன். போகவில்லை என்று அவர் சபைக்கு அறிவித்தார்.

அடுத்த கிழமை கள்ளர்கள் மறுபடி வந்தார்கள். பற்றரி அவர்களுக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது. "பொலிசுக்குப் போனியாமே" என்று கேட்டுக்கொண்டே அடித்தார்கள். இடது மணிக்கட்டைப் படிக்கல்லில் வைத்து மிதித்தான் நீல ஜேர்சி. முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. வாய்க்குள் இரத்தம் நிரம்பி நான் துப்பிக்கொண்டிருக்கும்போது குனிந்து காதருகே சொன்னான்: "அடுத்த தடவை கழுத்து. விளங்கிச்சா?" வேனின் டயர்களைக் கத்தியால் கிழித்துவிட்டு நிதானமாக இறங்கிப் போனார்கள். சுதர்சினி கதவைத் திறந்து ஓடி வந்தபோது அவர்கள் பாதி வழியில் நின்று சிகரெட் பற்ற வைத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. தூங்கும்போது கழுத்தில் கை வைத்துக்கொண்டே தூங்கினேன்.

மாக்கட்டுப் போட்ட கையோடு சங்கத்துக்குப் போனேன். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "முன்னேற்றம் தெரியுது" என்றார். "போன தடவை தலை மட்டும். இப்ப கையும் முறிஞ்சிருக்கு, பல்லும் ஆடுது. ஆனா மரணம்னு சொல்ற அளவுக்கு இன்னும் வரலயே தம்பி."

"அடுத்த தடவை வந்துடும் ஐயா. கழுத்தை அறுப்பேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்."

"அப்படின்னா ரொம்ப நல்லது. அறுத்த உடனே சொல்லி அனுப்புங்க, கமராவுக்கு அன்னைக்கே ஏற்பாடு செய்றோம்."

சுதர்சினி என் பக்கத்தில் நின்றாள். அவள் மடுல்கெல்ல தோட்டத்துப் பெண், கங்காணியின் முகத்துக்கு நேரே பேசி வளர்ந்தவள். "செத்த பிறகு கமரா எதுக்குங்க? பொணத்தைத் திருடிட்டுப் போயிடுவாங்கன்னா?" என்று கேட்டாள்.

தலைவருக்கு முகம் கறுத்தது. ஆனால் யசோதினி மிஸ் யோசித்தார். அவர் யோசித்தால் யாருக்காவது கேடு வரும் என்று எனக்கு அப்போது தெரியாது. "ஒரு வழி இருக்குங்க ஐயா. மரணம் நடந்ததாக் கருதிக்கலாம். சபை ஏகமனதாக் கருதினா யாப்புக்குப் போதும்."

"என் புருசன் இந்தா நிக்கிறாரு!" என்றாள் சுதர்சினி.

"உணர்ச்சிவசப்படாதீங்க அம்மா" என்றார் தலைவர். "கருதுறதுதானே. அவர் வழக்கம் போல சாப்பிடலாம், தூங்கலாம். சங்கம் அதுல தலையிடாது."

நான் ஏன் சம்மதித்தேன் என்று இன்றுவரை பலர் கேட்கிறார்கள். கேட்கிறவர்களின் காதருகே ஒருத்தன் குனிந்து கழுத்தைப் பற்றிப் பேசியிருந்தால் கேட்க மாட்டார்கள். எனக்குக் கமரா வேண்டும், அவ்வளவுதான். தீர்மானத்தைக் கறுப்பையா முன்மொழிந்தார். வழிமொழிய ஒருவரும் எழவில்லை, கொஞ்சம் கூச்சப்பட்டார்கள். கடைசியில் நானே எழுந்து என் மரணத்தை வழிமொழிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மரணச் சடங்கு. ஏற்றம் முழுக்க வெள்ளைக்கொடி. புதிய பந்தல் சீலையின் மடிப்புக் குலைந்தது, கொதிகலன் கொதித்தது, கதிரைகள் வெளியே வந்தன. கறுப்பையாவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. பிரேதங்களைப் பொறுப்பெடுக்கும் நகரத்து மலர்ச்சாலையிலிருந்து சவப்பெட்டி வந்தது. என்னை வேட்டி சட்டையோடு அதில் படுக்க வைத்தார்கள். மாக்கட்டுக் கை உள்ளே அடங்கவில்லை, கறுப்பையா முழங்காலால் அழுத்தி அடக்கினார்.

கமராத் தெரிவு அதே பந்தலில்தான் நடந்தது. ஷிஹாப் நானா மூன்று கமராக்களைத் தூணில் மாட்டி, கீழே ஒரு டிவியில் படத்தைக் காட்டினார். இராத்திரி எப்படித் தெரியும் என்று பார்ப்பதற்காகப் பந்தலைச் சுற்றிக் கறுப்புச் சீலை கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். தலைவர் பொன்னாடையோடு பெட்டியின் தலைமாட்டில் நின்றார்.

முதல் கமராவில் படம் கறுப்பு வெள்ளையில் வந்தது.

"என் பொன்னாடை ஏன் சாம்பல் நிறமா இருக்கு?" என்றார் தலைவர்.

"இருட்டுல கலர் விழாது ஐயா. ஆனா முகம் எவ்வளவு தெளிவா விழுந்தீக்கி, பாருங்கொ. கள்ளன் வந்தா மச்சம்கூடத் தெரியும்."

"கள்ளனுக்கா இவ்வளவு ஏற்பாடு? நாளைக்கு ஒரு மரணம் நடக்குது, கனடாவுலயும் கட்டார்லயும் இருக்கிற சொந்தக்காரங்க போன்ல பார்க்கப் போறாங்க. தலைவர் சாம்பல் நிறத்துல நின்னா சங்கத்தைப் பத்தி என்ன நினைப்பாங்க? தள்ளுங்க அதை!"

இன்னொரு கமரா ஆள் அசைந்தால் சத்தம் போடும் வகை. மூக்கில் ஈ உட்கார்ந்து நான் தலையை ஆட்டியதும் அது ஊரே கேட்க ஊளையிட்டது. கிழவிகள் இரண்டு பேர் கதிரையோடு விழுந்தார்கள். "பிரேதம் அசையக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா!" என்று கறுப்பையா என் நெஞ்சில் குத்தினார். மூச்சு நின்று போய் வந்தது. அந்தக் கமராவையும் தள்ளினார்கள், மரண வீட்டின் அமைதிக்கு ஒவ்வாதது என்று.

மிஞ்சியது இருட்டிலும் கலர் காட்டும் கமரா. ஷிஹாப் நானா முதலிலிருந்தே அதைத்தான் எனக்குச் சிபாரிசு செய்தவர். அவர் ஒரு தவறு செய்தார். "ஆள் வந்து அடிக்கிறது எப்படி விழுதுண்டும் பார்த்துக்கொள்ளுங்கொ. யாராவது அடிக்கிற மாதிரி நடிச்சுக் காட்டுங்கொ" என்றார்.

கறுப்பையா சட்டைக் கையை மடித்தார். என்னைப் பெட்டியிலிருந்து தூக்கிப் பாதையில் நிறுத்தினார்கள். முதல் அறையில் காது அடைத்தது. இரண்டாவது வாயில் விழுந்தது, ஆடிக்கொண்டிருந்த பல் ஒன்று தெறித்துப் போய்ப் பெட்டியின் வெள்ளைச் சாட்டின் துணியில் விழுந்தது. வயிற்றில் உதைத்தார், நான் மடிந்தேன், முதுகில் முழங்கையால் இடித்தார். டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் "ஆஹா, இரத்தம் இரத்தக் கலர்லயே தெரியுது" என்றார்கள்.

"நடிக்கத்தானே நான் சொன்ன! அடிக்கவா நான் சொன்ன? விடுங்கொ அவரை!" ஷிஹாப் நானா கத்திக்கொண்டே நடுவில் பாய்ந்தார். அவருக்கும் ஒன்று விழுந்தது.

"சங்கம் எதையும் அரைகுறையாச் செய்யிறதில்ல" என்றார் தலைவர். பிறகு யசோதினி மிஸ் ஒரு சட்டப் பிரச்சினையைக் கிளப்பினார். ஒரு கமராவுக்கு மட்டும் அடித்துக் காட்டியது மற்றக் கமராக்களுக்குச் செய்த அநீதி, தெரிவு நேர்மையாக இருக்க வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அடிக்க வேண்டும் என்றார். தள்ளியதாகச் சொன்ன கமராக்களை மறுபடி மாட்டினார்கள். மாட்டி மாட்டி அடித்தார்கள். அட பாவிகளா, கள்ளன்கூட ஒரே காரணத்துக்கு மூன்று தடவை அடிக்கவில்லையே!

கடைசியில் ஷிஹாப் நானா, வீங்கிய உதட்டோடு, தலைவரின் காதில் ஏதோ சொன்னார். "இந்தக் கலர்க் கமராவுல உங்கட பொன்னாடை தங்கம் மாதிரி ஜொலிக்குது ஐயா" என்று சொன்னாராம். அதே கமரா ஏகமனதாகத் தெரிவாயிற்று. தெரிவான மகிழ்ச்சியில் தலைவர் இரங்கலுரை ஆற்றினார்.

"அமரர் லோகேஸ்வரன் உயிரோடு இருந்தபோது சங்கத்துக்குப் பல தொல்லைகள் கொடுத்தார். கொடித் தூணை அவமதித்தார். ஆனால் மறைந்த பிறகு அவருடைய ஒத்துழைப்பு எமக்கு முழுமையாகக் கிடைத்தது. உறுப்பினர் என்றால் இப்படி இருக்க வேண்டும்! மற்றவர்களும் இவரைப் பின்பற்ற வேண்டும்!"

ஊர் மரணங்களை உறுதிப்படுத்தும் அரசாங்க உத்தியோகத்தரான கிராம சேவகர் வந்திருந்தார். கொடி தெரிந்தது, பந்தல் தெரிந்தது, பெட்டிக்குள் முகம் வீங்கி ஒருத்தன் கிடப்பதும் தெரிந்தது. தலைவர் நீட்டிய கடிதத்தில் நான் செத்ததை உறுதிப்படுத்திக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார். மாலையில் வானொலியில் என் மரண அறிவித்தல் வந்தது. பன்வில தோட்டத்திலிருந்து என் பெரியம்மா மாரடித்துக்கொண்டு வந்து இறங்கி, நான் கதவைத் திறந்ததும் மயங்கி விழுந்தாள்.

வேனில் வந்த பிள்ளைகளின் தாய்மார் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை நிறுத்தினார்கள். "உங்க மேல ஒண்ணுமில்ல அண்ணே. ஆனா செத்தவர் ஓட்டுற வேன்ல எப்படிப் பிள்ளைய அனுப்புறது?" என்று நுஸ்ஹாவின் உம்மா மிகவும் மரியாதையாகவே கேட்டார்.

பரவாயில்லை, கமரா இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கள்ளர்கள் வந்தார்கள். சொன்ன சொல் தவறாதவர்கள். நீல ஜேர்சி என் முடியைப் பிடித்து வேனில் முகத்தை மோதினான், மற்றவன் கைகளைப் பின்னால் இழுத்தான். கத்தி கழுத்தில் பட்டு எரிந்தது, சூடாக ஏதோ மார்பில் இறங்கியது. அப்போது சுதர்சினி வந்தாள். அவள் கையில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டும் கத்தி, எங்கள் வீட்டில் வேலிக்கு வெட்ட வைத்திருப்பது. "விடுடா அவரை!" என்று அவள் போட்ட சத்தத்தில் எனக்கே பயம் வந்தது. ஒரே வீச்சுத்தான். கத்தி பிடித்திருந்த விரல்கள் கத்தியோடு கீழே விழுந்தன. நீல ஜேர்சி தன் கையைப் பார்த்து, விரல்களைத் தேடி, ஒரு பிள்ளையைப் போல "அம்மா" என்று அலறிக்கொண்டு ஏற்றத்தில் உருண்டான். மற்றவனின் முதுகிலும் ஒரு கோடு இழுத்தாள். பிறகு கத்தியைப் போட்டுவிட்டுச் சேலைத் தலைப்பால் என் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். காயம் ஆழமில்லை, தோலோடு போயிருந்தது.

கமரா எல்லாவற்றையும் பதிந்திருந்தது. கலரில்! நீல ஜேர்சி நீலமாகவே தெரிந்தது. காலையில் நானும் சுதர்சினியும் வீடியோவைத் தூக்கிக்கொண்டு, கிட்டத்தட்ட சிரித்துக்கொண்டு, பொலிசுக்குப் போனோம்.

சார்ஜன்ட் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஷோக் கமரா" என்றார். "மூஞ்சி சரியா விழுந்திருக்கு. இவனைப் பிடிச்சாச்சு, ஆஸ்பத்திரியில இருக்கான். விரல் நாலும் போச்சு. இந்த நோனா வெட்டுறதும் சரியா விழுந்திருக்கு. நோனா, நீங்க உள்ளுக்கு வாங்க."

"அவன் என் புருசன் கழுத்தை அறுத்தான் சேர்! அதனாலதான் வெட்டினேன்."

சார்ஜன்ட் ஒரு கடிதக் கோவையைப் புரட்டினார். "புருசன் லோகேஸ்வரன். செத்தது. சங்கம் கடிதம் தந்திருக்கு, கிராம சேவகர் கையெழுத்து இருக்கு. செத்த ஆள் கழுத்தை எப்படி அறுக்கிறது? காப்பாத்துறதுக்கு ஆள் இல்ல. ஆள் இல்லாட்டி வெட்டினது சும்மா வெட்டினது."

"நான்தான் லோகேஸ்வரன்!" என்று கத்தினேன். கழுத்துக் கட்டு நனைந்தது.

"நீ சத்தம் போடாத. நீ யாருன்னு எங்களுக்குத் தெரியாது."

சுதர்சினியை மறியல் சிறைக்கு அனுப்பினார்கள். வண்டியில் ஏறும்போது அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை என்னால் தாங்க முடியவில்லை. என்னைச் செத்தவனாக்க நானே கை தூக்கினேன், அதற்கு அவள் உள்ளே போகிறாள். வீதி ஓரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். சட்டத்தரணி ஒருவர் விடயத்தைச் சுருக்கமாகச் சொன்னார்: நீங்கள் உயிரோடு இருப்பதாகச் சங்கம் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், வழக்கின் அடுத்த தவணையிலேயே அவரை வெளியே எடுக்கலாம்.

ஒரு வரிதானே! ஓடினேன்.

"யாப்புல இடமில்லையே அண்ணே" என்றார் யசோதினி மிஸ். "சாகிறதுக்குப் பிரிவு இருக்கு. திரும்பி வாறதுக்கு இல்ல. இதுவரைக்கும் யாரும் கேக்கல."

"தம்பி, உங்களுக்கு இரங்கலுரை ஆத்தியாச்சு" என்றார் தலைவர். "நல்ல உரை. அதை நான் எப்படி வாபஸ் வாங்குறது? அதோட ஒண்ணு சொல்றேன், கோவிக்காதீங்க. நீங்க அன்னைக்கு உண்மையிலேயே செத்திருந்தா உங்க சம்சாரத்துக்கு இந்தச் சிக்கலே வந்திருக்காது. சுயநலமா நடந்துகிட்டீங்க."

திரும்பி நடந்தேன். பேச வாயில் பல்லும் அதிகம் இல்லை.

இரண்டு நாள் கழித்துக் கமராத் திறப்பு விழா வைத்தார்கள். சுதர்சினி மறியலில் இருக்கிறாள், இவர்கள் என் வீட்டு வாசலில் நாடா வெட்டுகிறார்கள்! தூணில் பளிங்குப் பலகை: 'அமரர் லோகேஸ்வரன் ஞாபகார்த்தக் கமரா'. கிராம சேவகர் விசேட விருந்தினர். பித்தளைக் குத்துவிளக்கு ஏற்றி, மௌன அஞ்சலிக்கு எழுந்து நின்றார்கள். எனக்கு அஞ்சலி. தலைகள் குனிந்திருந்தன.

அந்த நேரம் என் மூளையில் ஒன்று பளிச்சென்று விளங்கியது. கடவுளே, இத்தனை நாள் தோன்றவில்லையே!

வீட்டுக்குள்ளிருந்து வந்தேன். கமராவுக்கு நேரே போய் நின்று, முகம் நன்றாக விழட்டும் என்று ஒரு கணம் அண்ணாந்து பார்த்தேன். பிறகு குத்துவிளக்கை நல்ல கையால் தூக்கி, எண்ணெய் வழிய, கறுப்பையாவின் முழங்காலில் இறக்கினேன். அவர் மடிந்ததும் தோளில் ஒன்று. "கை தவறிடிச்சு" என்றேன். தலைவர் "அமைதி, அமைதி" என்று ஒலிவாங்கியில் சொன்னார். மூக்கில் போட்டேன். மூக்கெலும்பு நொறுங்கியது ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்டது. பொன்னாடையில் இரத்தம் கொட்டியது, கமராவில் நல்ல கலராக விழுந்திருக்கும். யசோதினி மிஸ் மேல் நான் கை வைக்கவில்லை. ஓடும்போது கதிரை தடுக்கி விழுந்து அவரே தாடையை உடைத்துக்கொண்டார். கிராம சேவகர் மேசைக்குக் கீழே போய்விட்டார்.

சார்ஜன்ட் வந்தார். வீடியோவைப் பார்த்தார்.

"யார் அடிச்சது?"

"இவன்தான்! இந்தா நிக்கிறான்! பிடிங்க!" தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு அலறினார்.

"இவன் யாரு?"

"லோகேஸ்வரன்!"

"லோகேஸ்வரன் செத்தது மஹத்தயா. நீங்கதானே கடிதம் தந்தது? அந்தப் பலகையிலயும் எழுதியிருக்கு." அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "செத்த ஆள் மேல நான் எப்படி வழக்குப் போடுறது?"

"கேட்டீங்களா ஐயா?" என்று நான் விளக்கை மறுபடி தூக்கினேன். "எனக்கு வழக்கே இல்லையாம். இன்னொரு ரவுண்டு போவோமா?"

சங்கத்தின் வரலாற்றிலேயே மிக விரைவான அவசரப் பொதுக்கூட்டம் அந்தப் பாதையில் நடந்தது. லோகேஸ்வரன் உயிரோடு இருக்கிறார், எப்போதும் உயிரோடுதான் இருந்தார் என்று தலைவர் நிலத்தில் உட்கார்ந்தபடி முன்மொழிந்தார். கறுப்பையா படுத்தபடி வழிமொழிந்தார். தாடை பெயர்ந்த யசோதினி மிஸ் யாப்பைப் பற்றி ஏதோ சொல்ல முயன்றார், யாருக்கும் விளங்கவில்லை. கிராம சேவகர் மேசைக்குக் கீழிருந்தே கையை நீட்டிக் கையெழுத்துப் போட்டார். சார்ஜன்ட் கடிதத்தை இரண்டு தடவை வாசித்து மடித்துப் பையில் வைத்தார். பிறகு என் கையில் விலங்கு மாட்டினார்.

நீதிமன்றத்தில் எல்லாம் சீக்கிரமே முடிந்தது. உயிரோடிருக்கும் புருசனைக் காப்பாற்ற வெட்டியதால் சுதர்சினியை விட்டார்கள். சமாதான நீதவானின் மூக்கை உடைத்த உயிருள்ள மனிதன் என்பதால் என்னை மறியலுக்கு அனுப்பினார்கள். விரல் போன நீல ஜேர்சியையும் அன்று கொண்டு வந்திருந்தார்கள். அவனுடைய வெட்டுப்பட்ட கையில் கட்டு இருந்ததால் அதில் விலங்கு மாட்ட இடமில்லாமல், அவனுடைய மற்றக் கையை என் கையோடு பூட்டினார்கள். அவன் என்னைப் பார்க்கவே பயந்தான்.

படியில் சுதர்சினி நின்றாள். மெலிந்திருந்தாள். சேலைத் தலைப்பை இழுத்து என் கழுத்துக் காயத்தைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு என் வாயைத் திறக்கச் சொல்லி மிச்சப் பற்களைப் பார்த்தாள்.

"உள்ள எப்படிடீ இருக்கும்? ராத்திரிக்குப் பயமா இருக்குமா?" என்று கேட்டேன்.

"பயப்படாதீங்க" என்றாள். "விடிய விடிய லைட் எரியுது. மூலைக்கு மூலை கமரா இருக்குங்க. அதுக்காக யாரையும் சாகச் சொல்லல."